ஒரே ஒரு நகல்

காலையில் எழுந்ததும் அவன் போர்வையை மடித்து வைத்தான். பல் தேய்த்தான். தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தேநீர் போட்டான். இரண்டு தம்ளர்களில் ஊற்றி, ஒன்றை அத்தைக்காக அடுப்பு மேடையில் தட்டால் மூடி வைத்தான். மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து ஷட்டரைத் தூக்கினான். அது பாதியில் மாட்டிக்கொண்டது. தோளைக் கொடுத்துத் தள்ளினான். வாசலைக் கூட்டினான். கட்டர் மெஷின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்து உதறினான். கம்ப்யூட்டரை ஆன் செய்தான். பிறகு தேநீரைக் குடிக்காமல் குனிந்து, காதைப் பெட்டியோரம் கொண்டுபோனான்.

டக். டக். டக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் டக்.

யாரோ நகத்தைக் கடிப்பது போன்ற சத்தம். திரையில் வெளிச்சம் வரக் கூடுதல் நேரம் பிடித்தது. வந்தது. அவன் தேநீரைக் குடித்தான். ஆறியிருந்தது.

முன்னறைதான் கடை. வண்டிகளின் நம்பர், பேருந்தின் பக்கவாட்டில் ஓடும் பள்ளியின் பெயர், மருத்துவர் வரும் நேரம், கடைக் கண்ணாடியில் ‘உள்ளே வரவும்’. இப்படி எது கேட்டாலும் ஸ்டிக்கரில் வெட்டிக் கொடுப்பார்கள். அவன் மனைவி இருந்தவரை வேலை மூன்றாகப் பிரிந்து கிடந்தது. அவள் கம்ப்யூட்டரில் எழுத்தை வரைந்து கட்டருக்கு அனுப்புவாள். கட்டரின் கத்தி ரோலின் மேல் எலி ஓடுவதுபோல் ஓடி எழுத்தைக் கீறும். எழுத்தைச் சுற்றியிருக்கிற வேண்டாத பாகத்தையும் நடுவிலிருக்கிற ஓட்டைகளையும் இடுக்கியால் உரித்தெடுப்பது அவளுடைய அம்மாவின், அதாவது அத்தையின் வேலை. உரித்ததைச் சுருட்டிக்கொண்டு போய் வெயிலில் நின்று, சோப்புத் தண்ணீர் தெளித்து, குமிழ் இல்லாமல் நீவி ஒட்டுவது அவன். இப்போது முதல் வேலையும் அவனுடையது. படித்தவன்தான், கம்ப்யூட்டர் தெரியும். ஆனால் அவள் ஒரு தடவையில் செய்வதை அவன் இரண்டு தடவையில் செய்தான்.

அத்தை எழுந்து வந்து தேநீரைத் திறந்து பார்த்தாள்.

“சர்க்கரை போட்டீங்களா மாப்ளே?”

“போட்டேன்.”

“போட்ட மாதிரியே தெரியலையே.” ஒரு வாய் குடித்தாள். “போட்டிருக்கீங்க.”

இருவருக்கும் நடுவில் பேச்சு இவ்வளவுதான். மகள் இறந்துபோன வீட்டில் மாமியாரும் மருமகனும் மட்டும் இருப்பதைத் தெரு ஒரு மாதிரியாகத்தான் பார்த்தது. மாமியார் மகனிடம் போயிருக்க வேண்டும், மருமகன் எங்காவது புது வாழ்க்கையைத் தேடிப் போயிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

அன்று பத்து மணிபோல கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர் வந்தார். தெருவே அவரை ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிடும். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் கண்ணை மூடிக் காது கொடுத்துக் கேட்பார். அதிலிருந்து வந்த பெயர்.

“எப்போலேர்ந்து இருமுது?”

“ஒரு வாரமா.”

“வாரம்தானா? உண்மையைச் சொல்லுங்க.”

“ஒரு மாசம் இருக்கலாம்.”

“அதானே. எல்லாரும் மூச்சு நிக்கிற நேரத்துலதான் என்னைக் கூப்பிடுவீங்க.” சொன்ன பிறகுதான் யார் வீட்டில் நின்று சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார். அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

அத்தை மூலையில் பலகை மேல் உட்கார்ந்து ஒரு மருந்துக்கடைப் பெயரை உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“ஹார்ட் டிஸ்க் போகப்போகுது,” என்றார் டாக்டர். “இன்னிக்கோ, அடுத்த மாசமோ. ஒண்ணு புரிஞ்சுக்குங்க. நீங்க வரைஞ்சு வச்ச டிசைன் எல்லாம் வேற. அதை இப்பவே காப்பி பண்ணிக் கொடுத்துடறேன். ஆனா இந்தக் கட்டரை ஓட்டுற சாஃப்ட்வேர் இருக்கே, அது மெஷின் வித்தவன் இந்தப் பெட்டிக்குள்ளயே வச்சுக் கொடுத்தது. தனியா எதுவும் தரல. அவன் கடையையும் சாத்திட்டுப் போயாச்சு. டிஸ்க் போச்சுன்னா அதுவும் போச்சு. அப்புறம் இந்தக் கட்டர்ல துணிதான் காயப்போடணும்.”

“முழுசா வேற டிஸ்க்குக்கு மாத்த முடியாதா?”

“இப்பத்தான் போட்டுப் பார்த்தேன், பாதியில நின்னுடுது. கெட்டுப்போன இடத்துல மாட்டிக்கிட்டு முழிக்குது. ஆனா ஒரு வழி இருக்கு. டிஸ்க்கோட கடைசி மூலையில ஒரு அறை ஒளிச்சு வச்சிருப்பான். இந்தப் பெட்டி வாங்கின அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அதோட அச்சு அசல் அதுக்குள்ள இருக்கும், கட்டர் சாஃப்ட்வேரோட சேர்த்து. அதை ஒரு பென்டிரைவ்ல எடுத்துட்டா போதும். நாளைக்குப் புது டிஸ்க்கைப் போட்டு இதைச் சொருகினா, வாங்கின அன்னிக்கு இருந்த மாதிரியே எழுந்து உட்காரும்.”

“வாங்கின அன்னிக்கு இருந்த மாதிரி.”

“ஆமா. அதுக்கப்புறம் நடந்த எதுவும் அதுக்குத் தெரியாது.”

டாக்டர் ஒரு புதுப் பென்டிரைவைச் சொருகி, எங்கோ போய் எதையோ திறந்தார். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. அவர் அதைப் படித்துவிட்டு மூக்கைச் சொறிந்தார். அவன் தோளுக்கு மேலே எட்டிப் படித்தான். இந்தக் கணினிக்கான மீட்பு நகல் ஏற்கெனவே தயாரிக்கப்பட்டுவிட்டது, ஒரு கணினிக்கு ஒரு நகல் மட்டுமே அனுமதி என்று இருந்தது.

“யாரோ முந்திக்கிட்டாங்களே,” என்றார் டாக்டர். “ஒரு தடவைதான் விடுவான் படுபாவி. ரெண்டாவது எடுத்து வித்துடுவோமாம்.”

“யார் எடுத்தது?”

“நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்? இருங்க, எப்போ எடுத்ததுன்னு காட்டும்.” இரண்டு இடங்களில் தட்டினார். “இதோ. காலையில ஆரம்பிச்சு மதியத்துக்குள்ள முடிஞ்சிருக்கு.”

தேதியை அவர் வாய்விட்டுப் படித்தார். அவருக்கு அது வெறும் தேதி. அவன் அந்தத் தேதியை எத்தனையோ விண்ணப்பங்களில் எழுதிக் கொடுத்திருக்கிறான். மனைவி இறந்த நாள் என்கிற கட்டத்தில்.

மூலையில் அத்தையின் இடுக்கி ஓர் எழுத்தின் வாலையும் சேர்த்துக் கிழித்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவள் கை பிசகி அவன் பார்த்ததில்லை.

“வீட்டுக்குள்ளதான் எங்கயாவது கிடக்கும். நல்லாத் தேடுங்க,” என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

அவன் தேடினான். மேசை இழுப்பறைகள், அவளுடைய கைப்பை, துணி அலமாரி, தையல் சாமான் டப்பா எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தான். கை தேடிக்கொண்டிருந்தது. மனம் வேறு ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தது.

அவள் இறந்ததற்கு முந்தின நாள் அவன் அவளிடம் ஒரு விஷயம் சொல்லியிருந்தான். கூடப் படித்தவன் ஒருவன் வேறு ஊரில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்கிறான், கடையை ஏறக்கட்டிவிட்டுப் போய்விடலாம் என்று. அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தான். அவள், “சரி, பார்க்கலாம்,” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். மறுநாள் காலை சிவப்பு ரோல் தீர்ந்துவிட்டது, போய் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினாள். மொத்தக் கடை ஊரின் மறுகோடியில். அவன் ரோலைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது வாசலில் கூட்டம். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, இது முன்னாடியே யாருக்கும் தெரியாது, யாராலும் தடுத்திருக்கவும் முடியாது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அவன் அதை நம்பினான். நம்பிக்கொண்டு இத்தனை நாள் தேநீர் போட்டான், ஷட்டரைத் தூக்கினான்.

இப்போது அந்தக் காலை வேறு மாதிரித் தெரிந்தது. அவனை வெளியே அனுப்பியது அவள். அவன் வெளியே போனதும் உட்கார்ந்து, ஒரே ஒரு முறைதான் எடுக்க முடிகிற நகலை எடுத்திருக்கிறாள். அவனிடம் சொல்லவில்லை. கடையை விட்டுவிட்டு வா என்றவனிடம் சரி என்றவள், கடையின் உயிரை மட்டும் தனியே பிரித்து எடுத்து வைத்திருக்கிறாள். எங்கே கொண்டு போக? யாரோடு?

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டான்.

“அத்தை, பென்டிரைவ் ஏதாவது பார்த்தீங்களா?”

“அப்படின்னா?”

“சாவி மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர்ல சொருகுவா.”

“அவ ஆயிரம் சொருகுவா. நான் எங்க கண்டேன்.” அவள் அவன் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தாள். கேட்காமல் அவள் வைத்ததில்லை.

“வேண்டாம் அத்தை.”

“சாப்பிடுங்க. வெயில்ல நிக்கிற உடம்பு.”

அவன் முட்டையைப் பார்த்தான். லஞ்சம் மாதிரி இருந்தது.

மறுநாள் மச்சானின் கடைக்குப் போனான். மச்சான் என்றால் அவளுடைய தம்பி. ஓர் இடத்தில் நிற்காதவன் என்பதால் வீட்டில் எல்லாருக்கும் அவன் காத்தாடி. எத்தனையோ தொழில் பார்த்துவிட்டு, அக்கா செத்துச் சில மாதங்களில், இரண்டு தெரு தள்ளி அவனும் ஒரு ஸ்டிக்கர் கடை போட்டிருந்தான். எங்கேயோ பழையதாக ஒரு கட்டர் வாங்கியிருந்தான். அவர்களுடையதைப் போலவே அதே கம்பெனி, அதே நீலம்.

“வாங்க மாமா. வழி தெரிஞ்சுதா?”

“வேலை எப்படிப் போகுது?”

“வேலைக்கென்ன, வருது. மெஷின் இருக்கு, ஆள் இருக்கு, உள்ள உசுருதான் இல்ல.” கட்டரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். மேசையில் கையால் வெட்டிய எழுத்துகள் கிடந்தன. ஓரமெல்லாம் பிசிறு. “பிளேடாலயே வெட்டுறேன். நம்பர்னா சமாளிச்சுடலாம். பேர் எழுதச் சொன்னா விரல் போயிடுது. பாருங்க, இது பேரா, பூச்சி கடிச்சதா?”

வெளியே காற்று சுத்தமாக நின்றிருந்தது. மழைக்கு முந்தின புழுக்கம். இந்த மாதிரி நாளில் ஸ்டிக்கர் தாளை விட்டுக் கிளம்பாது, கிளம்பினால் கையோடு ஒட்டிக்கொள்ளும். காத்தாடியின் விரல்களில் சிவப்பும் கறுப்புமாகத் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

“உங்கக்கா உன்கிட்ட எதாவது கொடுத்து வச்சாளா? ஒரு பென்டிரைவ்?”

காத்தாடி துணுக்கை உரிப்பதை நிறுத்தினான். “அப்போ அப்படி ஒண்ணு இருக்கா?”

கேட்டிருக்கக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியது.

“நான் கேட்டேன் மாமா. அவ இருக்கும்போதே கேட்டேன். ‘நானும் இதே தொழில் ஆரம்பிக்கிறேன், உன் சாஃப்ட்வேரை எனக்கும் ஒரு காப்பி போட்டுக் கொடுக்கா’ன்னு. ‘ஒரு காப்பிதான்டா வரும், அது எனக்கே வேணும்’னா. செவிட்டுல அறைஞ்ச மாதிரி.”

“எனக்கே வேணும்னா சொன்னா?”

“அப்படித்தான் சொன்னா.”

“எங்களுக்கு வேணும்னு சொல்லல?”

“ஐய, நான் என்ன டேப் ரெக்கார்டரா?” காத்தாடி அவனை ஏற இறங்கப் பார்த்தான். “நீங்க எதுக்கு இப்போ அதைத் தேடுறீங்க? மெஷினை விக்கவா?”

“யார் சொன்னது?”

“அம்மாதான். உங்க சிநேகிதர்கிட்ட போன்ல பேசினீங்களாமே. ‘சாஃப்ட்வேரோட கொடுத்தாத்தான் எவனும் வாங்குவான், வித்துட்டு வந்துடறேன்’னு.”

அவன் பேசியது உண்மை. மாடிப்படியில் நின்று பேசியது. அத்தை அப்போது துணி உலர்த்திக்கொண்டிருந்ததாகத்தான் அவனுக்கு நினைவு.

“விக்கிறதுன்னா எனக்கு முதல்ல சொல்லுங்க மாமா. அக்கா சொத்து. கடைசியா அம்மாகிட்ட அவ என்ன சொல்லிட்டுப் போனா தெரியுமில்ல? ‘தம்பியைக் கைவிட்டுடாதேம்மா’ன்னு.”

அவன் மேசையில் கிடந்த பிசிறு எழுத்து ஒன்றைத் தள்ளி வைத்தான். பிறகு சொன்னான். “என்கிட்ட வேற மாதிரி சொன்னாங்க.”

“எப்படி?”

“‘அவரைப் பத்திரமாப் பார்த்துக்கோ’ன்னு சொன்னாளாம்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காத்தாடிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் கோணிக்கொண்டது. முகத்தைத் திருப்பிக் கட்டரைத் துடைத்தான்.

“எங்கம்மாவை நம்பாதீங்க மாமா.”

“நீ நம்பினியே.”

“பெத்தவளாச்சே. நம்பித்தான் தொலைக்கணும்.” துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். “ஆனா அம்மா துணிப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு இங்க வந்தா, அந்த வாசல் வழியா என் பொண்டாட்டி தன் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவா. அதுவும் உங்களுக்குத் தெரியும்.”

அதன் பிறகு வீட்டில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் வேவு பார்த்தார்கள். அவன் வெளிவேலைக்குப் போகும்போது மேசை மேல் சாமான்களை ஒரு மாதிரியாக வைத்துவிட்டுப் போவான். வந்து பார்த்தால் எல்லாம் வைத்தபடியே இருக்கும். அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பும். அவன் போன் பேசினால் அத்தையின் இடுக்கிச் சத்தம் நின்றுவிடும். அவன் வேண்டுமென்றே ஒரு நாள், “ஆமா, ஆமா, முடிவு பண்ணிட்டேன்,” என்று யாருமில்லாத போனில் பேசினான். அன்று சாயங்காலம் அத்தை போட்டுக் கொடுத்த தேநீரில் உண்மையாகவே சர்க்கரை இல்லை.

ஆனால் அவனை அரித்தது அத்தை அல்ல. அத்தை ஒளித்தால் ஒளிக்கட்டும். ஒளிக்கும்படி அவளிடம் மகள் என்ன சொல்லிவிட்டுப் போனாள்? அதுதான். எழுத்தை வரையும்போது அவள் நாக்கை ஓரமாகக் கடித்துக்கொள்வாள். அந்த முகத்தை நினைத்துப் பார்த்தான். அந்த முகத்தோடுதான் அன்று காலை அவனை விட்டுப் போகத் தயாரானாளா? செத்துப்போனவளிடம் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அழவும் முடியவில்லை. அவள் தன்னுடையவளாகத்தான் செத்தாளா என்று தெரியாதவன் எதைச் சொல்லி அழுவது?

டிஸ்க் ஒரு வெயில் மதியத்தில் போனது. ஒரு பள்ளிப் பேருந்தின் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. நீளமான பெயர், பெரிய எழுத்து. பாதி எழுத்தில் கட்டரின் கத்தி தாளின் மேல் நின்றுவிட்டது. பெட்டிக்குள் டக் டக் என்று வேகமாகக் கேட்டது, பிறகு கீச்சென்று ஒரு சத்தம், பிறகு எதுவும் இல்லை. திரை கறுத்து, வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது.

அணைத்துப் போட்டான். அதே வரி. மறுபடி அணைத்துப் போட்டான். அதே வரி.

அத்தை பலகையிலிருந்து எழுந்து வந்தாள்.

“என்ன ஆச்சு?”

“போயிடுச்சு.”

“கொஞ்ச நேரம் ஆற விடுங்க. சூடாயிருக்கும்.”

“போயிடுச்சு அத்தை. இனிமே வராது.”

“போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க.”

“அது வேற. இது செத்துப்போச்சு.” அந்தச் சொல்லை இந்த வீட்டில் அவன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. “மெஷினை விக்கிறதுக்கும் இல்ல, வச்சுக்கிறதுக்கும் இல்ல. எவனும் எடைக்குக்கூட எடுக்க மாட்டான். நாளையிலேர்ந்து நீங்க உரிக்க ஒண்ணும் இருக்காது.”

அத்தை கட்டரைப் பார்த்தாள். பாதியில் நின்ற எழுத்தைப் பார்த்தாள். அவளுக்கு இது புரிய நேரம் எடுத்தது. பென்டிரைவ் இல்லாவிட்டால் மெஷினை விற்க முடியாது, விற்க முடியாவிட்டால் இவன் போகமாட்டான், இருக்கிற பெட்டி பாட்டுக்கு இருக்கும். இதுவரைதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். பெட்டியே போய்விடும் என்பது அவள் கணக்கில் இல்லை. பெட்டி இருமுவதை அவளும் தினம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இருமுகிறவர்கள் எல்லாருமா போய்விடுகிறார்கள் என்று இருந்துவிட்டாள்.

மூலையில் தீர்ந்துபோன ரோல்களின் அட்டைக் குழாய்கள் சாய்ந்து நின்றன. ஒட்டும்போது நீவுவதற்கு ஆகுமென்று அவர்கள் எதையும் எறிவதில்லை. அத்தை போய் நடுவிலிருந்து ஒன்றை உருவினாள். அதன் வாயில் துணி அடைத்திருந்தது. துணியைப் பிடுங்கிவிட்டுக் குழாயைத் தரையில் தட்டினாள். பென்டிரைவ் விழுந்தது.

அவன் அதை எடுக்கவில்லை.

“இவ்வளவு நாளும் இதுலயா வச்சிருந்தீங்க?”

“வேற எங்க வைக்கிறது? என் இடுப்பைத் தவிர எல்லாத்தையும் கவிழ்த்துப் பார்த்தீங்க.”

“ஏன் அத்தை?”

“ஏன்னா?” அத்தையின் குரல் உயர்ந்தது. “உங்ககிட்ட கொடுத்தா நீங்க போயிடுவீங்க. என் பையன்கிட்ட கொடுத்தா அவன் வாங்கிக்கிட்டுக் கதவைச் சாத்திடுவான். ரெண்டு பேருக்கும் வேண்டியது இது ஒண்ணுதான், நான் இல்ல. என் கையில வேற என்ன இருக்கு சொல்லுங்க? இடுக்கியா?”

“அதுக்குத்தான் ஆளுக்கொண்ணு சொன்னீங்களா? அவ கடைசியா சொன்னதுன்னு?”

அத்தை குழாயிலிருந்து பிடுங்கிய துணியை மடித்தாள்.

டாக்டர் சாயங்காலம் புது டிஸ்க்கோடு வந்தார். பழையதைக் கழற்றி ஒரு குலுக்குக் குலுக்கினார். உள்ளே ஏதோ உருண்டது. “பார்த்தீங்களா, பல்லு விழுந்துடுச்சு,” என்றார். புதியதை மாட்டி, பென்டிரைவைச் சொருகினார். கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு திரையில் ஒரு நீலக் கோடு முளைத்து நகர ஆரம்பித்தது.

“நல்லா எடுத்து வச்சிருக்காங்க. சுத்தமா இருக்கு,” என்றார் டாக்டர். “எனக்கு இன்னொரு வீடு இருக்கு, போயிட்டு வந்துடறேன். இது முடியிற வரைக்கும் யாரும் கை வைக்காதீங்க.”

நீலக் கோடு நத்தைபோல் ஊர்ந்தது. வெளியே முதல் தூறல் விழுந்து தெரு மண் வாசனை வந்தது. அவன் எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து, முக்காலியில் உட்கார்ந்தான். அத்தை பலகையில் உட்கார்ந்தாள். உரிக்க எதுவும் இல்லாததால் அவள் கைகள் மடியில் சும்மா கிடந்தன. அப்படி அவற்றைப் பார்ப்பது அவனுக்குச் சங்கடமாக இருந்தது.

“அத்தை, ஒண்ணு கேட்கிறேன். இனிமே இட்டுக்கட்டிச் சொல்லாதீங்க.”

“கேளுங்க.”

“அவ என்னை விட்டுட்டுப் போறதா இருந்தாளா?”

அத்தை திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படியொரு திகைப்பை அவன் சாவு வீட்டில்கூடப் பார்க்கவில்லை.

“என்ன பேச்சு பேசுறீங்க?”

“நான் முந்தின நாள்தான் கடையை மூடிடலாம்னு சொன்னேன். மறுநாள் என்னை அனுப்பிட்டு இதை எடுத்திருக்கா. என்கிட்ட சொல்லல. காத்தாடிகிட்ட ‘எனக்கே வேணும்’னு சொல்லியிருக்கா. எடுத்ததை உங்ககிட்ட கொடுத்திருக்கா. இதுக்கெல்லாம் என்ன அர்த்தம்?”

“அவ எங்க கொடுத்தா? அவளைத் தூக்கிட்டு ஓடினாங்க. நான் திரும்பி வந்தப்போ இது பெட்டியில சொருகினபடி இருந்துச்சு. வீடு முழுக்க ஆளு. எவனாவது எடுத்துக்கிட்டுப் போயிடுவான்னு பிடுங்கி முந்தானையில முடிஞ்சு வச்சேன். அப்புறம் நீங்க போன்ல பேசுறதைக் கேட்டேன். அதுக்கப்புறம்தான் குழாய்.”

“அவ என்ன சொன்னா அத்தை?”

“எப்போ?”

“கடைசியா.”

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நீலக் கோடு பாதியைத் தாண்டியிருந்தது.

“வந்தவங்க எல்லாரும் அதையேதான் கேட்டாங்க. கடைசியா என்ன சொன்னா, என்ன சொன்னான்னு. பெத்தவ வாயைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. நான் என்னத்தைச் சொல்ல? அவ ஒண்ணும் சொல்லல மாப்ளே. சொல்றதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. அதான் எனக்கு எது வேணுமோ அதை அவ வாயில வச்சுட்டேன்.”

“ஒண்ணுமில்லாததையே சொல்லுங்க.”

“நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தா. கொஞ்சம் படுக்கிறேன்னு உள்ள போனா. பெட்டி பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. கரண்ட் வீணாகுதேன்னு, ‘வேலையே இல்லாம என்னடி ஓட விட்டிருக்கே, எதுக்கு இது’ன்னு கேட்டேன். வாசப்படியில நின்னு திரும்பிப் பார்த்தா.”

“என்ன சொன்னா?”

“‘சும்மாதாம்மா. ஒரு காப்பி எடுத்து வை, எடுத்து வைன்னு இந்தப் பெட்டி தினம் நச்சரிக்குது. அவர் ரோலோட வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்.’”